குறைப்பது எதை, யாருக்காக?

ஒசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பார்கள். கதவு இல்லை, கூரை இல்லை, பக்கத் தகடுகள் இல்லை. இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள், முன்முனையில் ஓர் என்ஜின், அடியில் சக்கரங்கள், ஒரு ஸ்டீயரிங். அதன் பின்னே தற்காலிகமாகப் பொருத்தப்பட்ட இருக்கையில், முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஒருவர் ஓட்டிச் செல்வார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வெறும் சேசிஸ், கூண்டு கட்டும் பட்டறைக்குச் செல்லும் பயணம் அது. இப்போது இக்காட்சி குறைந்து வருகிறது என்றாலும், முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இதைவிடக் குறைந்த உறுப்புகளுடன் ஒரு லாரி சாலையில் ஓட முடியாது. ஆனாலும், எளிமையான வடிவமைப்புக்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீக்கப்பட்ட கூரையின் வேலையை ஓட்டுநரின் தலையும், நீக்கப்பட்ட கண்ணாடியின் வேலையை அவர் முகத்தைச் சுற்றிய துண்டும் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு பொருளிலிருந்து ஒன்றை நீக்கும்போது, அது அதுவரை சுமந்த சுமை எங்கே போய்ச் சேருகிறது? வடிவமைப்பில் எளிமை குறித்துப் பேசும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

'மினிமலிசம்' என்ற சொல் இன்று விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. வெள்ளைச் சுவர், கைப்பிடி தெரியாத அலமாரி, பொத்தான்களே இல்லாத கார் முகப்பு ஆகியவை அதன் அடையாளங்களாகக் காட்டப்படுகின்றன. பார்வைக்கு வெறுமையாக இருப்பதே எளிமை என்ற எண்ணம் இதனால் பரவியிருக்கிறது. இந்தச் சிந்தனையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1859-இல் மிக்கேல் தோனெட் என்பவரின் நிறுவனம் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலியை எடுத்துக்கொள்வோம். நீராவியில் வளைக்கப்பட்ட பீச் மரத்தாலான ஆறு பாகங்கள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். அவ்வளவுதான் அந்த நாற்காலி. பிரித்து அடுக்கினால், ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கிவிடும். ஐரோப்பாவின் காபி விடுதிகளை அது நிறைத்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். அழகுக்காக மட்டும் அங்கே எதுவும் குறைக்கப்படவில்லை. மரம், வேலை நேரம், ஏற்றுமதி இடம் ஆகிய மூன்றும் மிச்சமாயின. உட்காருபவருக்கு எந்த இழப்பும் இல்லை. நூறாண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் பிரௌன் நிறுவனத்தில் வானொலிப் பெட்டிகளையும் சமையலறைக் கருவிகளையும் வடிவமைத்த டீட்டர் ராம்ஸ், நல்ல வடிவமைப்புக்கு வகுத்த பத்து நெறிகளிலும் பயன்பாடும் நேர்மையும் நீடித்த உழைப்பும் முக்கிய இடம் பெற்றன. குறைவான வடிவமைப்பு என்பது அந்தப் பட்டியலின் இறுதியில்தான் வருகிறது.

இந்தியாவுக்கும் இந்தப் பாடம் புதிதன்று. இந்திய அரசின் அழைப்பின் பேரில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். அகமதாபாதில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அதுவே வழிவகுத்தது. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களில் அவர்கள் பெரிதும் வியந்தது, நம் வீட்டுச் சொம்பை. எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படிக் கையில் நிற்க வேண்டும், இடுப்பில் எப்படிப் பொருந்த வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரே வளைவு விடை சொல்கிறது. தனியொருவர் உட்கார்ந்து வரைந்த வடிவம் அல்ல அது. பல தலைமுறைகளின் பயன்பாடு செதுக்கிய வடிவம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தியைத் தொடங்கி, எவர்சில்வர் தகட்டுக்கு இந்த ஊரின் பெயர் அடையாளமாகிவிட்ட பிறகும் சொம்பின் அடிப்படை வடிவம் மாறவில்லை. பொருள் மாறியது, விடை மாறவில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் இத்தகைய வடிவங்களுக்குப் பஞ்சமில்லை. கிராமத்து வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கிடக்கும் கயிற்றுக் கட்டில் அவற்றுள் ஒன்று. நான்கு கால்கள், நான்கு சட்டங்கள், ஒரு கயிறு. ஒருவரே தூக்கி நிழல் நகரும் திசையில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். உடலின் எடைக்கேற்பக் கயிறு தாழ்ந்து கொடுக்கிறது. அடியிலிருந்து காற்று வருகிறது. தளர்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டினால் போதும். மெத்தை நீக்கப்பட்டிருக்கிறது, மெத்தை தர வேண்டிய சுகம் நீக்கப்படவில்லை.

மற்றொன்று, நாமக்கல்லிலிருந்து நாள்தோறும் வெளியூர்களுக்குப் புறப்படும் முட்டை அட்டை. கழிவுக் காகிதக் கூழை அச்சில் வார்த்துச் செய்யப்படும் அந்த அட்டையில் 30 குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு முட்டையைப் பக்கத்து முட்டையிலிருந்து பிரித்து வைக்கிறது. முட்டையுடன் அடுக்கலாம், காலியானால் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகலாம். இதில் எதையாவது நீக்கினால் முட்டை உடையும். எதையாவது கூட்டினால் விலை ஏறும். இந்த எல்லைக்கோட்டில் நிற்பதைத்தான் நல்ல எளிமை என்கிறோம்.

லாரிக் கூண்டும் இதே மண்ணில் வளர்ந்த வடிவம்தான். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், நாட்டின் லாரித் தொழிலில் தனக்கென ஓர் இடம் கொண்டது. சரக்கு லாரிகள், சமையல் எரிவாயு டேங்கர்கள், பக்கத்திலேயே திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், சங்ககிரியின் லாரிகள் என இந்த வட்டாரத்தின் பொருளாதாரமே சக்கரங்களின் மீது நிற்கிறது. அதன் துணைத்தொழிலாக வளர்ந்தவை கூண்டு கட்டும் பட்டறைகள். தச்சர், வெல்டர், தகட்டு வேலை செய்பவர், மின்பணியாளர், இருக்கைக்கு மெத்தை தைப்பவர், வண்ணம் பூசுபவர் எனப் பல கைகள் ஒரு சேசிஸை லாரியாக்குகின்றன.

அந்தக் கூண்டின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், அதில் வீண் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மேடு பள்ளமான சாலையில் சேசிஸ் சட்டம் ஓரளவு முறுக்கிக் கொடுக்க வேண்டும். கூண்டை அதனுடன் இறுக்கிப் பற்றவைத்துவிட்டால், ஏதேனும் ஒன்று விரிசல் விடும். எனவே இடையில் மரக்கட்டை வைத்து, யு வடிவப் போல்ட்டுகளால் பிணைக்கிறார்கள். சேசிஸில் கண்ட இடத்தில் துளையிட்டால் அதன் வலு குறையும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள். பக்கப் பலகைகள் கீழே மடங்குவதால் எந்தப் பக்கத்திலிருந்தும் சரக்கு ஏற்றலாம். ஒரு பலகை உடைந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். அதை வழியில் எந்த ஊர்த் தச்சரும் செய்துவிடுவார். இன்று திருமண மண்டபம் முதல் தேநீர்க்கடை வரை நிறைந்திருக்கும் ஒரே வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி, உறுப்புகளின் எண்ணிக்கையில் லாரிக் கூண்டைவிட எளிமையானது. ஆனால், ஒரு கால் உடைந்தால் முழு நாற்காலியும் குப்பை. பழுதுபார்க்க இயல்வதும் எளிமையின் ஓர் அளவுகோல்தான் என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

கூண்டில் வீண் இல்லாமல் போனதற்கு எடைக் கணக்கே காரணம். 2018-இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. இந்த மொத்த எடையில் லாரியின் சொந்த எடையும் அடக்கம். லாரியும் கூண்டும் சேர்ந்து 10 டன் என்று வைத்துக்கொண்டால், ஏற்றக்கூடியது 18.5 டன். கூண்டில் 200 கிலோ கூடினால், ஒவ்வொரு நடையிலும் 200 கிலோவுக்கான வாடகை போயிற்று. எனவே தேவையற்ற ஒவ்வொரு கிலோவையும் நீக்குவதற்கு உரிமையாளருக்கும் பட்டறைக்கும் வலுவான காரணம் இருந்தது. சரக்கு நிற்கும் பகுதியின் வடிவமைப்பு அதனால் மெருகேறியது.

ஓட்டுநர் அமரும் கேபினின் கதை வேறு. அங்கே நீக்கப்பட்டவை எவை? மரச்சட்டமும் தகடும் கொண்டு கட்டிய கேபினில் வெப்பத்தடுப்பு இல்லை. என்ஜின் உறை ஓட்டுநரின் பக்கத்திலேயே இருந்ததால், கோடையில் வெளியே 40 டிகிரி செல்சியஸ் என்றால் உள்ளே அதற்கும் மேல். இருக்கை பெரும்பாலும் பெட்டி போன்ற அடிப்பாகத்தின் மீது போட்ட மெத்தை; சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகெலும்புக்குப் போகும். பின்னால் ஒரு நீண்ட பலகை. மாற்று ஓட்டுநர் உறங்குவதற்கு. அந்தக் கேபின்தான் அவர்களுக்குப் பணியிடம், படுக்கையறை, பூசையறை எல்லாம். வாகனமும் அறைகலனும் ஒன்றாகும் இடம் அது. வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலை அறிந்த ஒரு சமூகம், வண்டிக்குள் வெறும் பலகையில் படுக்க நேர்ந்தது.

இதற்குப் பட்டறைத் தொழிலாளர்களின் திறன் குறைவு காரணமன்று. கட்டச் சொல்லிப் பணம் கொடுப்பவரும் அதற்குள் வாழ்பவரும் வெவ்வேறு மனிதர்கள் என்பதே காரணம். சரக்குப் பகுதியில் ஒரு கிலோ குறைந்தால் வருமானம் கூடுகிறது. நல்ல இருக்கையால் வாடகை கூடுவதில்லை. எனவே முதலாவது நுணுக்கமாகச் சிந்திக்கப்பட்டது. இரண்டாவது செலவாகக் கருதப்பட்டு வெட்டப்பட்டது. கிளீனராகவும் ஓட்டுநராகவும் தொடங்கி உரிமையாளரானவர்கள் நிறைந்த வட்டாரம் இது. தானே ஓட்டப்போகும் லாரிக்குப் படுக்கையின் அகலம், விசிறியின் இடம், பொருள் வைக்கும் மாடம் என்று அளந்து கட்டச் சொன்னவர்களும் உண்டு. பணம் கொடுப்பவரே பயன்படுத்துபவராகவும் இருந்தால் வடிவமைப்பு எப்படி மாறும் என்பதற்கு அதுவே சான்று.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் ஒரு வாகனம் பிரான்ஸில் பிறந்தது. 1930-களில் சிட்ரோயன் நிறுவனத்தின் தலைவர் பியர் பூலாஞ்சே தம் பொறியாளர்களிடம் கேட்டது, நான்கு சக்கரங்களின் மீது ஒரு குடை. இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்ல வேண்டும், 100 கி.மீ.க்கு மூன்று லிட்டர் எரிபொருளுக்கு மேல் செலவாகக் கூடாது. ஒரு கூடை முட்டையை ஏற்றி, உழுத வயலின் குறுக்கே ஓட்டினால் ஒரு முட்டையும் உடையக் கூடாது. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான டூ சிவி என்ற அந்த கார் 1990 வரை உற்பத்தியில் இருந்தது.

அதில் கூரைக்குத் தகடு இல்லை. சுருட்டி வைக்கும் துணிதான். கண்ணாடியை இறக்கும் பொறியமைப்பு இல்லை. பாதியாக மடித்துத் தூக்கலாம். இருக்கை, எஃகுக் குழாய்ச் சட்டத்தில் ரப்பர் பட்டைகளால் தொங்கவிட்ட துணி. ஏறத்தாழ நம் கயிற்றுக் கட்டிலின் தத்துவம். வெளியே எடுத்துப் போட்டு வயலோரத்தில் உட்காரவும் முடியும். எல்லாவற்றையும் குறைத்த அவர்கள், ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை. குலுக்கலைத் தாங்கும் அதிர்வுத் தாங்கிக்கு முழு உழைப்பையும் கொடுத்தார்கள். முட்டை உடையக் கூடாது என்ற நிபந்தனை, உள்ளே அமர்ந்திருக்கும் மனிதரையும் காத்தது. முட்டை நகரம் என்று பெயரெடுத்த நாமக்கல்லிலிருந்து இதைப் படிக்கும்போது ஒரு சங்கடம் எழாமல் இருக்காது. முட்டைக்கு 30 குழிகள் கொண்ட அட்டையைச் சிந்தித்த நாம், அதை ஏற்றிச் செல்பவரின் முதுகுக்கு அதே அக்கறையைச் செலுத்தினோமா?

வசதியான நாடுகளிலும் இந்தத் தவறு நேர்கிறது. வடிவம் மட்டும் வேறு. கார்களில் பொத்தான்களை எல்லாம் நீக்கித் தொடுதிரைக்குள் அடக்கியபோது முகப்பு அழகாயிற்று, உற்பத்திச் செலவும் குறைந்தது. ஆனால், விரலால் தடவி அறிந்த வேலையைக் கண்ணால் தேடிச் செய்ய வேண்டியதாயிற்று. சாலையிலிருந்து பார்வை விலகியது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், திசைகாட்டி விளக்கு, ஒலிப்பான், கண்ணாடித் துடைப்பான் போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருந்தால்தான் உயர் மதிப்பீடு என்ற நெறியை 2026 முதல் கொண்டுவந்ததற்கு இதுவே காரணம். நீக்கிய பொத்தானின் சுமை ஓட்டுபவரின் கவனத்தின் மீது ஏறிவிட்டதை ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது.

இந்தியாவிலும் கணக்கு மாறிவருகிறது. லாரிகளின் கேபினுக்கும் கூண்டுக்கும் ஏஐஎஸ் 093 என்ற தரநெறி வகுக்கப்பட்டுள்ளது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு வாகனங்கள் 2025 அக்டோபர் 1 முதல் குளிரூட்டப்பட்ட கேபினுடனேயே தயாரிக்கப்பட வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. குளிரூட்டியைச் சிலர் ஆடம்பரம் என்கிறார்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையை வரம்பாக வைத்தது. நெடுஞ்சாலையில் அந்த வரம்பு எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வெப்பத்தில் களைத்த ஓட்டுநரின் கண் ஒரு நொடி மூடினால், அதன் விலையை எதிரே வரும் குடும்பமும் கொடுக்கிறது. அந்த நொடியையும் கணக்கில் சேர்த்தால் குளிரூட்டி ஆடம்பரமாகத் தோன்றாது.

எனினும், இந்த மாற்றத்தின் சுமை யார் மீது விழுகிறது என்ற கேள்வியையும் நாம் தவிர்க்கக் கூடாது. குளிரூட்டப்பட்ட கேபினுக்கு இடைவெளியற்ற கட்டுமானமும் வெப்பத்தடுப்பும் சோதனைச் சான்றும் தேவை. மரமும் தகடும் கொண்டு கையால் கட்டும் சிறு பட்டறைக்கு அது எளிதன்று. தொழிற்சாலையிலேயே கேபின் பொருத்தப்பட்டு வரும் லாரிகள் பெருகப் பெருக, பட்டறைகளின் வேலை சரக்குப் பகுதியோடு சுருங்குகிறது. ஓட்டுநருக்கு நன்மை தரும் விதி, தச்சரையும் மெத்தை தைப்பவரையும் வேலையிழக்கச் செய்தால், அங்கும் சுமை இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

தொழிற்சாலையிடம் சோதனைக்கூடம் இருக்கிறது. பட்டறையிடம் கேட்கும் காது இருக்கிறது. தஞ்சாவூருக்கு நெல் ஏற்றுபவருக்கும் மும்பைக்கு முட்டை ஏற்றுபவருக்கும் தேவைகள் ஒன்றல்ல என்பது பட்டறைக்குத் தெரியும். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு வடமாநிலங்களுக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கும் தொழிலாளர்கள், துணை லாரியிலேயே சமைத்து, அதிலேயே உறங்குகிறார்கள். அவர்களுக்கான மடக்குப் படுக்கை, காற்றோட்டம், தண்ணீர் வைக்கும் இடம், அடுப்புக்கான பாதுகாப்பான தட்டு ஆகியவற்றை எந்தப் பெரிய தொழிற்சாலையும் தனித்தனியாக வடிவமைத்துத் தரப்போவதில்லை. கேபினின் வெளிக்கூட்டைத் தொழிற்சாலை செய்யட்டும். உள்ளே வாழ்வதற்கான அறைகலன்களை இந்த வட்டாரத்தின் பட்டறைகள் செய்யலாம். இடம் குறைவு, எடை குறைவு, பழுதுபார்ப்பது எளிது என்ற மூன்று நிபந்தனைகளுக்குள் சிந்திப்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

இதற்குத் துணை நிற்க நிறுவனங்களும் இருக்கின்றன. 1966-இல் தொடங்கப்பட்ட அரசுப் பொறியியல் கல்லூரி சேலத்திலேயே உள்ளது. வடிவமைப்பையும் உற்பத்தியையும் தன் பெயரிலேயே கொண்ட மத்திய உயர்கல்வி நிறுவனம் ஒன்று 2007 முதல் காஞ்சிபுரத்தின் பெயரில் இயங்குகிறது. இவற்றின் மாணவர்கள் ஒரு பருவத்தைப் பட்டறைகளில் கழித்து, பல்லாண்டு அனுபவம் கொண்ட தச்சர்களின் அளவுகளை வரைபடமாக்கினால், இதுவரை எழுதப்படாத அறிவு எழுத்தில் ஏறும். இருக்கையின் அதிர்வையும் கேபினின் வெப்பத்தையும் அளக்கும் பொதுச் சோதனைக்கூடம் ஒன்றை நாமக்கல்லில் அமைத்தால், சிறு பட்டறைகளும் தரச்சான்று பெற வழி பிறக்கும். ஓட்டுநர் வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை என்று இந்த வட்டாரத்து உரிமையாளர்கள் நெடுநாளாகக் கவலைப்படுகிறார்கள். முதுகு வலிக்காத இருக்கையும் உறங்கக்கூடிய படுக்கையும் அந்தக் கவலைக்கும் ஓரளவு மருந்தாகும்.

இவை அனைத்துக்கும் முன்பாக, செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. அடுத்த லாரிக்குக் கூண்டு கட்டக் கொடுக்கும் உரிமையாளர், சரக்கின் அளவைச் சொல்லும்போதே, அதை ஓட்டப்போகும் ஓட்டுநரையும் பட்டறைக்கு அழைத்துச் செல்லலாம். அவரை இருக்கையில் உட்காரவைத்து, படுக்கையில் படுக்கவைத்து, எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று அவரிடம் கேட்கலாம்.